பார்க்காமல் செய்த முகம்

மார்ச் 6, வியாழன்

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. பதினொரு நாள் ஆகிறது. நேற்று சாம்பல் புதனுக்குக் கோயிலில் பூசிய சாம்பல் என் நெற்றியில் அப்படியே இருக்கிறது. கழுவத் தண்ணீர் இல்லாமல் இல்லை. என் வீட்டுக்காரர் எலாடியோவுக்கு அவர் வேலை செய்யும் கம்பெனி வாரத்துக்கு நாலு கேன் தருகிறது. கழுவத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மத்தியானம் அவரிடம் ஏதோ அவசரத்துக்கு இரண்டு வார்த்தை கேட்டேன். அவரும் இரண்டு வார்த்தை சொன்னார். என்ன கேட்டேன் என்று இப்போது நினைவில்லை.

மார்ச் 8, சனி

விழாக் கமிட்டி வீட்டுக்கு வந்தது. கமிட்டி என்றால் வாத்தியார் நபோரும் சோள ரொட்டிக் கடை தொமாசாவும்தான். மற்ற ஆறு பேர் கையெழுத்தோடு சரி.

"இந்த வருஷம் யூதாஸ் யாருன்னு முடிவு பண்ணிட்டோம்க்கா" என்றார் வாத்தியார்.

ஈஸ்டருக்கு முந்தின நாளான புனித சனியன்று எரிக்கும் யூதாஸ் பொம்மையை எங்கள் தெருவுக்கு இருபத்திரண்டு வருஷமாக நானும் என் தங்கை குக்காவும்தான் செய்தோம். நாணல் கட்டி உடம்பு செய்வது நான். முகம் அவள். ஒரு வருஷம் மேயர், ஒரு வருஷம் கரண்ட் பில், தோற்றுப்போன கால்பந்துக் கோச்சு ஒரு வருஷம்.

"யாரு?" என்றேன்.

"வடக்க இருக்கே, அந்தக் கொட்டகை."

ஊருக்கு வடக்கே சோளக்காடு இருந்த இடத்தில் ஜன்னலே இல்லாத நாலு வெள்ளைக் கொட்டகைகள் நிற்கின்றன. உள்ளே முழுக்கக் கம்ப்யூட்டர்கள். உலகத்தின் எந்த மூலையிலோ யாரோ எதையோ கேட்டால் அவை யோசித்துப் பதில் சொல்கின்றனவாம். யோசித்தால் சூடாகிவிடுமாம். அந்தச் சூட்டைத் தணிப்பது எங்கள் மூன்றாம் கிணற்றுத் தண்ணீர். அந்தத் தண்ணீரைத் திறந்துவிடுவது என் வீட்டுக்காரர். முன்பு ஊர் பம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். சத்தத்தை வைத்தே எந்தக் கிணறு என்று சொல்லிவிடுவார். அதற்காகத்தான் கம்பெனி அவரைக் கூட்டிக்கொண்டு போனது.

இத்தனையும் அவர் காதில் விழும்படித்தான் பேசினோம். பின்கட்டில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

வாத்தியார் போனில் ஒரு படம் காட்டினார். கோபுரம் மாதிரி ஒரு யூதாஸ், பற்பசை விளம்பரத்துச் சிரிப்போடு.

"யாரு வரைஞ்சது?" என்றாள் தொமாசா.

"அதுகிட்டயேதான் கேட்டேன். செயற்கை அறிவுகிட்ட."

"யூதாஸ்கிட்டயே போய் யூதாஸ் எப்படி இருப்பான்னு கேட்டீரா? அதுக்கு எத்தனை சொம்பு தண்ணி குடிச்சிச்சாம்?"

"ஒரு படத்துக்கு அவ்வளவெல்லாம் ஆகாதுக்கா."

"எத்தனை படம் கேட்டீரு?"

வாத்தியார் தலையைச் சொறிந்தார். "ஒரு முப்பது இருக்கும்."

தொமாசா கை தட்டிச் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம்தான் என்று எனக்கும் தெரிந்தது. உடம்பு நான் செய்துவிடுவேன், முகம் யார் செய்வது என்று கேட்டேன். வாத்தியார் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். குக்கா போன ஆகஸ்டில் இறந்துவிட்டாள்.

"மெஷினுக்கு ஏது முகம்?" என்றார் வாத்தியார் கடைசியில். "கண்ணு, மூக்கு, வாய்னு என்னத்தையாவது வச்சிருங்க."

"முகம் இல்லாம மட்டும் விட்றாதே" என்றாள் தொமாசா. "அப்புறம் குப்பையை எரிச்ச மாதிரி ஆயிரும்."

முகம் செய்தவர்தான் எரிப்பதற்கு முன்னால் யூதாஸ் ஊராருக்கு ஆளுக்கொன்று எழுதிவைப்பதாகச் செய்யும் கேலி உயிலை வாசிக்க வேண்டும். அது எங்கள் தெரு வழக்கம். குக்கா அதை நாடகம் மாதிரி வாசிப்பாள், கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். சரி என்றேன். எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

மார்ச் 9, ஞாயிறு

குக்காவின் தூரிகைகளை எடுத்து வைத்தேன். திரும்ப உள்ளே வைத்தேன்.

மார்ச் 15, சனி

நாணல் கட்டி முடித்தாயிற்று. இரண்டரை ஆள் உயரம். பீரோ மாதிரி உடம்பு, வரிசை வரிசையாகச் சோடா மூடிகள், அவைதான் மினுக்கும் விளக்குகள். வயிறு முழுக்க நீலக் கண்ணாடிக் காகிதம். முதுகிலிருந்து ஒரு ரப்பர் குழாய் தரை வரைக்கும் தொங்குகிறது.

காகிதம் ஒட்ட மைதாப் பசை வேண்டும். பசைக்குத் தண்ணீர் வேண்டும். ஒரு சுற்று ஒட்ட அரை வாளி. யூதாஸுக்கு ஏழு சுற்று. லாரித் தண்ணீர் சமையலுக்கே காணாது. எலாடியோ கேட்காமலே கம்பெனி கேன் ஒன்றைத் தூக்கி வந்து என் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"போதுமா?"

"போதும்."

இன்றைக்கு நாங்கள் பேசியது இவ்வளவுதான். யூதாஸ் செய்ய யூதாஸே தண்ணீர் கொடுக்கிறான். குக்கா இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பாள்.

மார்ச் 21, வெள்ளி

லாரி வந்தது. வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கென்னக்கா, வீட்டுக்கே கேன் வருது, இதுல எதுக்கு வந்து நிக்கறீங்க?" என்றாள். உண்மைதான். எதற்கு நின்றேன்? இரண்டு வாளி பிடித்துக்கொண்டு வந்தேன்.

கோபம் வரவில்லை. வெட்கமும் வரவில்லை. குக்காவைப் புதைத்த அன்றிலிருந்தே இப்படித்தான். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறது. கடித்தாலும் வலிப்பதில்லை.

மார்ச் 27, வியாழன்

முகம் செய்தேன். களிமண்ணில் பிடித்து அதன்மேல் காகிதம் ஒட்டியாயிற்று. ரேடியோவில் ஏதோ தொடர் ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கேட்டபடியே செய்தேன். குக்காவுக்கு நாலைந்து நாள் ஆகும், ஒவ்வொரு மூக்குக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொல்வாள். எனக்கு ஒரே மத்தியானத்தில் முடிந்துவிட்டது. யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

வர்ணம் அடித்தேன். மாநிறம். மீசை வைத்தேன். எதற்கு மீசை? வைக்கத் தோன்றியது.

ஏப்ரல் 5, சனி

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் தொமாசா தவக்காலத்து ரொட்டிப் பாயசம் கொண்டு வந்தாள். பட்டறைக்குள் நுழைந்தவள் யூதாஸைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும்.

"அடிப்பாவி எர்லிந்தா! உனக்கு இவ்வளவு நெஞ்சழுத்தமா? நான் நினைக்கவே இல்லையேடி!"

"என்ன?"

"என்னவா? எலாடியோ அண்ணனை அச்சு அசலா வச்சுட்டு, என்னன்னு கேக்கறே!"

அப்போதுதான் பார்த்தேன். அந்தக் காதுகள். மீசை இடது பக்கம் கொஞ்சம் குட்டை. பம்புச் சத்தம் கேட்கும்போது மோவாயை ஒரு பக்கம் சாய்ப்பாரே, அந்தச் சாய்வு.

நான் பண்ணலை. சத்தியமா நான் பண்ணலை. கை பண்ணிடுச்சு. இருபத்தொன்பது வருஷமா எதிரே உக்காந்து சாப்பிடற மூஞ்சி, கைக்கு வேற என்ன தெரியும்? யாரோட முகமும் வேண்டாம்னுதானே சொன்னாங்க. வேற முகம் எனக்குத் தெரியலையே.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. வாத்தியார் ஓடி வந்தார். தெரியாமல் நடந்தது என்றேன். கண்ணடித்தார்.

"அப்படியே சொல்லிக்கங்கக்கா. ஆனா மாத்திடாதீங்க. இதுக்கு மேல பொருத்தமான முகம் கிடையாது."

எட்டு வருஷம் முன்னால் எடையில் ஏமாற்றிய கறிக்கடைக்காரனை யூதாஸாக வைத்தோம். நாங்கள் இரண்டு பேரும்தான் செய்தோம், விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே. எரித்த பிறகு அவன் கடைக்கு ஒரு ஈ காக்கை போகவில்லை. பிள்ளைகள் அவன் வீட்டு வாசலில் பட்டாசு போட்டார்கள். அடுத்த மாதம் குடும்பத்தோடு ஊரைவிட்டே போனான்.

எலாடியோ இந்த ஊரில் பிறந்தவர். எங்கே போவார்?

ஏப்ரல் 6, ஞாயிறு

முகத்தைக் கிழித்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஊறினால்தான் உரியும். ஈரத்துணியை மேலே போட்டுவிட்டுக் கத்தியோடு உட்கார்ந்திருந்தேன். எலாடியோ உள்ளே வந்தார். ஊரில் எல்லோரும் பார்த்த பிறகு அவர் பார்க்கிறார். துணியை எடுத்துவிட்டு வெகுநேரம் நின்றார்.

"காது கொஞ்சம் பெரிசா இல்ல?"

"இல்ல. உங்களுக்கு அப்படித்தான்."

மறுபடி பார்த்தார். "என்னை இப்படியா பாக்கறே?"

"நான் பாக்கவே இல்ல" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். வாயைவிட்டு வந்த பிறகுதான் உறைத்தது. ஆமாம், உங்களை எரிக்கணும்னுதான் செஞ்சேன்னு சொல்லியிருந்தால்கூட அவருக்கு இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

அவர் கத்தியை என் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்தார்.

"இருக்கட்டும்."

"எரிப்பாங்க."

"எரிக்கட்டும். உயிலை யாரு எழுதறா?"

"வாத்தியார். எப்பவும் அவர்தானே."

"இந்த வருஷம் நான் எழுதறேன்னு சொல்லு. யூதாஸோட உயிலை யூதாஸ்தானே எழுதணும்?"

ஏப்ரல் 9, புதன்

வாத்தியாரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மீட்டரைத் தினம் படிக்கறது அண்ணன்தானே?"

"ஆமா."

இரண்டு வருஷமாக வாத்தியார் நகராட்சிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார். கொட்டகை ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது? அந்த ஒரு எண்தான் வேண்டும். ஒவ்வொரு தடவையும் வருகிற பதில் ஒன்றுதான்: சில குடும்பங்கள் பயன்படுத்தும் அளவு. வெளியில் சொல்லமாட்டேன் என்று எலாடியோ சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டார். சொன்னால் வேலை போகும். கேஸும் போடுவார்களாம்.

"அண்ணன் அப்படி எழுத மாட்டாரு" என்றார் வாத்தியார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

நானும் அப்படித்தான் நினைக்கிறேன். தன்னைப் பற்றி நாலு கேலி எழுதித் தப்பித்துக்கொள்வார்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

சமையலறை மேஜையில் எலாடியோ பென்சிலை வைத்துக்கொண்டு எழுதுகிறார். நான் பக்கத்தில் போனால் கையால் மறைக்கிறார், பரீட்சை எழுதும் பையன் மாதிரி. என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

தொமாசா கடை மாடிக்கும் கோயில் மதிலுக்கும் நடுவே கம்பி கட்டி யூதாஸைத் தொங்கவிட்டாயிற்று. பட்டாசுச் சரம் கழுத்திலிருந்து கால் வரைக்கும். காற்றடித்தால் மெல்லத் திரும்புகிறது. திரும்பித் திரும்பி எங்கள் வீட்டு வாசலையே பார்க்கிறது.

ஏப்ரல் 19, புனித சனி

பதினோரு மணிக்குக் கூட்டம் நிறைந்துவிட்டது. எலாடியோ வேலைக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பாக்கெட்டில் கம்பெனி முத்திரை போட்ட அதே சட்டை. நாலாக மடித்த காகிதத்தை என்னிடம் தந்தார்.

"அப்படியே வாசி. ஒண்ணையும் விடாதே."

நேராகப் போய் யூதாஸுக்கு அடியில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். ஜனங்கள் மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள், சிரித்தார்கள். "அண்ணே, மேல இருக்கறவர் உங்களைவிட லட்சணமா இருக்காரு!" என்று யாரோ கத்தினான். அவரும் சிரித்தார்.

வாசித்தேன். குக்கா மாதிரி எனக்கு வராது. மளிகைச் சாமான் பட்டியல் வாசிப்பதுபோலத்தான் வாசித்தேன்.

"யூதாஸாகிய நான், சுயபுத்தியோடு எழுதும் உயில். சோள ரொட்டிக் கடை தொமாசாவுக்கு: நேற்று முன்தினம் ஒரே நாளில் நான் குடித்த நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் லிட்டரில் ஒரு குடம். மாவு பிசைந்துகொள்ளட்டும்."

சிரித்தார்கள். பிறகு அந்த எண் காதில் விழுந்தது போலும். சிரிப்பு பாதியில் நின்றது.

"பள்ளிக்கூடத்துக்கு: மூன்றாம் கிணறு. நான் வந்தபோது தண்ணீர் தொண்ணூறு மீட்டர் ஆழத்தில் இருந்தது. இன்று நூற்று முப்பத்தெட்டில் இருக்கிறது. கணக்குப் பாடத்துக்கு வைத்துக்கொள்ளவும்."

"போன வருஷம் வெயில் அதிகமான மே மாத நாட்கள்: ஐந்து லட்சத்து எழுபதாயிரம், ஐந்து லட்சத்துத் தொண்ணூறாயிரம், ஆறு லட்சத்து ஐயாயிரம். இவை லாரி வராத நாட்களும்கூட. கோயில் தெருவுக்கு எழுதி வைக்கிறேன், வீட்டுக்கு ஒன்று."

அதற்குக் கீழே தேதி, எண், தேதி, எண். ஒரு பக்கம் முழுக்க. விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, அதுவரை வாசித்ததைக் கேலி என்று சமாளித்திருக்கலாம், அவருக்கு வேலையும் இருக்கும். நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாசித்திருக்க மாட்டேன். எல்லாவற்றையும் வாசித்தேன். வாத்தியாரிடம் காகிதம் இல்லை, பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதினார், கை போதாமல் முழங்கை வரைக்கும்.

"வாத்தியார் நபோருக்கு: நீங்கள் கேட்ட முப்பது படத்துக்கும் நன்றி. எனக்கு வேலை கொடுத்தவர்களில் நீங்களும் ஒருவர்."

அதற்குத்தான் மறுபடி சிரித்தார்கள். வாத்தியாரும்.

கடைசி வரி ஒன்று இருந்தது. அதை வாசிக்கவில்லை. காகிதத்தை மடித்துவிட்டேன். வாசித்து முடித்துவிட்டேன் என்று நினைத்துத் திரியைப் பற்றவைத்தார்கள்.

முதலில் வயிறு போயிற்று. நீலக் காகிதம் தெரு முழுக்கப் பறந்தது. சோடா மூடிகள் கூரைகளில் விழுந்து ஓசையிட்டன. தலை மட்டும் எரியாமல் வெகுநேரம் தொங்கியது. நான் ஏழு சுற்று ஒட்டியது தப்பாகிவிட்டது. அந்த மீசை கருகியதைப் பார்த்தபோது என்னுள் ஏதோ கிழிந்தது. போதும், இறக்குங்கள் என்று கத்தினேன். பட்டாசுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

முன்பெல்லாம் யூதாஸ் எரிந்ததும் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி ஆடுவோம். இன்றைக்கு எல்லோரும் அப்படியே நின்றார்கள். தொமாசா எலாடியோவிடம் போய் அவர் தோளில் விழுந்திருந்த சாம்பலைத் தட்டிவிட்டாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலை பத்து மணிக்கே திரும்பி வந்துவிட்டார். சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது.

"முடிஞ்சுது. சாவியைக் குடுத்துட்டேன்."

"என்ன கேட்டாங்க?"

"உயிலை யாரு எழுதினான்னு கேட்டாங்க. யூதாஸ்னு சொன்னேன்."

சட்டையைக் கழற்றி என்னிடம் தந்தார். கம்பெனிச் சட்டை, திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். துவைத்துக் காயப்போட்டேன். கம்பெனித் தண்ணீரில், கடைசிக் கேனில்.

ஏப்ரல் 26, சனி

வாத்தியார் எண்களையெல்லாம் தலைநகரப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறார். நகராட்சி இன்னும் வாய் திறக்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் ஒன்று வந்திருக்கிறது. எலாடியோ அதைப் படித்துவிட்டு ரொட்டிக் கூடைக்கு அடியில் வைத்தார். பயமாக இருக்கிறது. எட்டு மாதத்துக்குப் பிறகு பயம் வந்திருக்கிறது, அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

வடக்கே கொட்டகை எப்போதும்போல ஊமையாக நிற்கிறது.

ஏப்ரல் 30, புதன்

லாரி வந்தது. இரண்டு பேரும் வாளியோடு போனோம். வரிசை கோயில் வரைக்கும் நீண்டிருந்தது. கடைசியில் போய் நின்றோம்.

"யூதாஸ் அண்ணே!" என்று முன்னாலிருந்து ஒருவன் கூப்பிட்டான். எனக்கு உடம்பு முழுக்கச் சில்லிட்டது. கறிக்கடைக்காரனுக்கு நடந்தது மனசில் ஓடியது.

"யூதாஸ் அண்ணே, அங்க ஏன் நிக்கறீங்க? இங்க வாங்க. அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

போனோம். அன்றைக்குக் கேன் வருகிறதே என்று கேட்டவள், என் வாளியை வாங்கிக் குழாய்க்கு அடியில் வைத்தாள். இனி அவருக்கு இந்தப் பெயர்தான், சாகும் வரைக்கும். வழியெல்லாம் அவர் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மே 4, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டில் கேட்டார். "கடைசி வரியை ஏன் விட்டுட்டே?"

கவனித்திருக்கிறார். பதினைந்து நாளாகக் கேட்காமல் வைத்திருந்திருக்கிறார். அந்தக் காகிதம் என் சமையல் ஏப்ரன் பையிலேயே இருந்தது. எடுத்துப் பிரித்து வாசித்தேன்.

"என்னைப் பார்க்காமலே செய்த என் மனைவிக்கு: என் முகம். நேரம் கிடைக்கும்போது பார்க்கட்டும்."

அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்தார். பார்த்துக்கொள் என்பதுபோல.

பார்த்தேன். காது நான் செய்ததைவிடச் சின்னது. அவர் அன்றைக்குச் சொன்னது சரிதான். மூக்குப் பக்கத்தில் ஒரு தழும்பு, அது எனக்கும் தெரியும், ஆனால் செய்யாமல் விட்டிருக்கிறேன். வலது புருவத்தில் நாலைந்து மயிர் பஞ்சுபோல வெளுத்திருந்தது.

"இது எப்ப வந்துச்சு?" என்றேன்.

"ஆகஸ்ட்ல" என்றார். "குக்காவைப் புதைச்ச வாரம். நீ பேசறதை நிறுத்தினியே, அப்ப."

விரலால் தொட்டேன். சாப்பாடு ஆறிப்போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.